டாக்டரம்மா வண்டி எடுத்த எட்டு மாதம்

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் அடிச்சட்டத்தில் ஒரு குத்து குத்தினார். அது மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைக் குத்தியதுபோல மறுபக்கம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா டாக்டரம்மா?"

அவள் குனிந்து பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"வெல்டிங் வைக்க முடியாதாண்ணே?"

"வெல்டிங் பிடிக்கறதுக்கு இரும்புன்னு ஒண்ணு வேணும்ல? பதினாறு வருஷமா சாணியும் மூத்திரமும் உப்புக்கட்டியுமா சுமந்திருக்கு. இன்ஜின் என்னவோ குதிரை மாதிரிதான் இருக்கு. ஆனா ஒரு நாள் நீங்க மேல போவீங்க, பாதி வண்டிதான் கூட வரும்."

இப்படித்தான் அந்த எட்டு மாதத் தலைவலி ஆரம்பித்தது.

அவள் கால்நடை மருத்துவர். வயது நாற்பத்தேழு. கடைத்தெருவின் கோடியில், முன்னறையும் ஒரு மருந்து அறையுமாக இருந்த சின்னக் கட்டடம்தான் அவளுடைய மருந்தகம். ஆனால் அங்கே அவளைப் பார்ப்பது அரிது. நாய், பூனை வைத்திருப்பவர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாட்டை யார் தூக்கிக்கொண்டு வருவது? அதனால் இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் போனாள். அவளை நம்பி நாற்பத்தோரு ஊர்கள் இருந்தன. அதில் பதினோரு ஊர்களுக்குத் தார்ச்சாலை கிடையாது. மலையடிவாரத்துப் பாலம் தாண்டியதும் சாலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டு சக்கரத்தடமும் நடுவில் இடுப்பளவு புல்லும்தான். மழைக்காலத்தில் அந்தத் தடமும் ஓடையாகிவிடும். ஆகவே அவளுக்கு வேண்டியது நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பிக்கப். பின்னால் சினை ஊசிக்கான உறைவிந்து வைக்கும் நைட்ரஜன் கேன், கயிறுகள், வாளி, ரப்பர் பூட்ஸ், முடிந்தால் ஒரு கன்றுக்குட்டி, முன்னால் மருந்துப்பெட்டி. இவ்வளவும் ஏற வேண்டும். அடுத்த பதினைந்து இருபது வருஷத்துக்கு அவளைக் கைவிடக் கூடாது. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது!

அவளும் எளிது என்றுதான் நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பார்த்து, எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று வீட்டில் சொன்னாள். சொன்ன இடம்தான் தப்பு. வீட்டுக்காரர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர்.

"அவசரப்படாதே," என்றார். "இருபது வருஷத்து விஷயம். முறையாப் பண்ணுவோம்."

முறையாக என்றால் என்ன என்று மறுநாள் மாலை தெரிந்தது. சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழு சார்ட் பேப்பர். இடமிருந்து வலமாக ஏழு வண்டிகள். மேலிருந்து கீழாக இருபத்து மூன்று கேள்விகள். தரைக்கும் அடிவயிற்றுக்கும் எத்தனை அங்குலம், தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கும், உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும், பதினைந்தாவது வருஷத்தில் எது முதலில் பழுதாகும். ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண், அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு பெருக்கு எண். சோறு சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்ப்பாள். அவர் சுவரைப் பார்ப்பார்.

இரண்டு மாதம் கழிந்ததும் ஏழு வண்டி இரண்டாகக் குறைந்தது. அதற்கு வீட்டிலேயே பெயரும் வைத்தாகிவிட்டது. ஒன்று 'மாப்பிள்ளை'. முகமெல்லாம் பளபளவென்று குரோம், உள்ளே தோல் இருக்கை, பலகை மாதிரி ஒரு திரை, கியர் போட வேண்டிய வேலையே இல்லாத ஆட்டோமேட்டிக். இன்னொன்று 'எருமை'. கன்னங்கரேலென்று, அகன்று, இருபது வருஷத்துக்கு முந்திய அதே உடம்பு. கையால்தான் கியர், பின்னால் கனத்த இரும்புப் பட்டை ஸ்பிரிங், ஜன்னல் கண்ணாடியைக்கூடக் கையால்தான் சுற்ற வேண்டும். எருமை என்று பெயர் வைத்தது கேலிக்குத்தான். ஆனால் அவள் எருமைகளோடு பழகியவள். எந்தப் பசுவும் நிற்காத சேற்றில் நிற்கும், எதையும் தின்னும், லேசில் நோய்க்குப் படுக்காது. மனசுக்குள் அவள் அப்போதே எருமையைக் கட்டிவிட்டாள்.

ஆனால் சார்ட்டில் மாப்பிள்ளை நாலு மதிப்பெண் முன்னால் நின்றது.

"எப்படிங்க அது முன்னால நிக்கும்? மலையில ஏதாவது ஒரு வயர் அந்துச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுறது?"

"பெருக்கிப் பார்த்தா அப்படித்தான் வருது."

"அப்ப தப்பாப் பெருக்கியிருக்கீங்க."

"இருபத்தேழு வருஷமா பெருக்கிட்டிருக்கேன்மா."

இதற்கு நடுவில் கொழுந்தனார் வந்தார். வாரம் தவறாமல் காரைக் குளிப்பாட்டுகிறவர். தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்காதவர். சார்ட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணி, முக்கியமான கேள்வியே இதுல இல்லையே," என்றார். "திருப்பி விக்கும்போது என்ன விலைக்குப் போகும்?"

"நான் விக்கறதுக்கா தம்பி வாங்குறேன்? அது சாகற வரைக்கும் ஓட்டறதுக்கு வாங்குறேன்."

"இருந்தாலும் யோசிக்கணும்ல அண்ணி."

யோசித்தார்கள். கேள்வி இருபத்து நாலாயிற்று.

ஊர் மட்டும் சும்மா இருந்ததா? டாக்டரம்மா வண்டி வாங்கப்போகிறாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்விட்டது. மருந்துக் கடைக்காரர் ஒரு வண்டி சொன்னார். தபால்காரர் அது கூடவே கூடாது என்றார். ஒரு நாள் பசுவுக்குச் சினைப் பரிசோதனை. இடது கையைத் தோள்வரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் கருப்பையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வாலைப் பிடித்துக்கொண்டிருந்த மாட்டுக்காரர் அவள் காதருகே குனிந்து ரகசியம் மாதிரி சொன்னார்: "டர்போ மட்டும் வேணாம் டாக்டரம்மா."

அவளுக்குக் கையை உருவி அந்த ஆளை ஓர் அறை விடலாம் போலிருந்தது. மாடு மூன்று மாதச் சினை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பழைய வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்ட அந்த மாதங்களில் தார்ச்சாலை ஊர்களுக்கு வாடகைக் காரிலும் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரிலும் போனாள். பாலத்துக்கு அப்பால் போகப் பால் வண்டிதான். பால் வண்டி அதன் நேரத்துக்குப் போகும், அதன் ஊர்வரைதான் போகும். மிச்சம் நடை. தோளில் மருந்துப்பெட்டி, கையில் வாளி.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் அழைப்பு வந்தது. மேல் ஊர் ஒன்றில் பசு கன்று போட முடியாமல் விடியற்காலையிலிருந்து தவிக்கிறது. பால் வண்டி போய்விட்டது. கல் ஏற்றிய ஒரு லாரியைப் பிடித்துப் பாலம்வரை போய், மிச்ச ஏழு கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் கடந்தாள். போய்ச் சேர்ந்தபோது பசு படுத்திருந்தது. கன்று உள்ளேயே செத்துப்போயிருந்தது. அதை எடுத்துப் பசுவைக் காப்பாற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மாட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கை கழுவ வெந்நீர் கொடுத்தார்கள். டீ போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் அந்த சார்ட்டைக் கிழித்தாள். நாலு மூலையிலும் ஒட்டியிருந்த டேப்பில் நாலு முக்கோணம் மட்டும் சுவரில் நின்றது. வீட்டுக்காரர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவோடு எழுந்து நின்றார். அவள் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார், போய் கீசரைப் போட்டார்.

மறுநாள் அவளே ஷோரூமுக்கு போன் செய்தாள்.

"உங்க கடைக்கு முன்னால இருக்கற ரோட்ல ஓட்டிப் பார்க்க மாட்டேன். நான் போற ரோட்லதான் ஓட்டுவேன். சம்மதம்னா வண்டியைக் கொண்டு வாங்க."

மாப்பிள்ளையை ஓட்டிக்கொண்டு வந்த விற்பனையாளர் ஐம்பதை நெருங்கியவர். தொப்பை, டை, பாலிஷ் போட்ட ஷூ. அதற்கு முன் ஃப்ரிட்ஜ் விற்றாராம். பேச்சும் அப்படித்தான் இருந்தது. வண்டிக்குள் எவ்வளவு குளிரும் என்பதிலேயே தொடங்கினார். அவள் மருந்துப்பெட்டியைப் பின் இருக்கையில் வைத்தாள். வண்டி கிளம்பியதும் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"என்ன இது?"

"பின்னால ஆள் உக்காந்திருக்காங்க, பெல்ட் போடலன்னு நினைக்குது மேடம்."

அவள் இறங்கிப் போய் மருந்துப்பெட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டு வந்தாள்.

பாலம்வரை வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பாலம் தாண்டிப் புல் தடத்தில் இறங்கியதும் இருபது அடி போயிருக்காது, யாரோ முன்னால் வந்து விழுந்ததுபோல வண்டி தானாகவே படக்கென்று பிரேக் போட்டது. இரண்டு பேர் நெற்றியும் கண்ணாடிக்கு ஒரு சாண் வரை போய்வந்தது. திரையில் சிவப்பு எழுத்து மின்னியது.

"குறுக்க ஏதாவது வந்தா தானா நின்னுடும் மேடம். பாதுகாப்பு."

"எது வந்தது?"

அவர் எட்டிப் பார்த்தார். "புல்லு மேடம்."

"புல்லு!"

மறுபடி எடுத்தாள். மறுபடி புல் குறுக்கே வந்தது. அரைக் கிலோமீட்டருக்குள் ஒன்பது தடவை. அவர் வியர்த்து விறுவிறுத்துத் திரையில் எதை எதையோ தட்டி அதை அணைத்தார். ஓர் ஏற்றத்தில் இன்ஜினை நிறுத்தி மறுபடி போட்டதும் அது மறுபடி விழித்துக்கொண்டது. "ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அணைக்கணும் போலிருக்கு மேடம்," என்றார் குற்றவாளிபோல.

"உங்க வண்டி புல்லைப் பார்த்து பயப்படுது. நான் புல் தின்னற ஜீவனுக்கு வைத்தியம் பார்க்கறவ. எங்க ரெண்டு பேருக்கும் எப்படிங்க ஒத்துவரும்?"

திருப்பிவிடலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியது மலையுச்சி ஊரில் தனியாக மாடு வைத்துப் பிழைக்கிற ஒரு பெண். "டாக்டரம்மா, ரெண்டு காலு வெளிய தெரியுது, தலையைக் காணோம். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. வர முடியுமா?"

"வந்துட்டே இருக்கேன் அக்கா. அவளைப் படுக்க விடாதீங்க."

விற்பனையாளருக்குப் புரிந்துவிட்டது. "மேடம், டெமோ வண்டி பத்து கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது. இன்ஷூரன்ஸ்..."

"ஒண்ணு இங்க இறங்கிக்கோங்க, பால் வண்டி சாயங்காலம் வரும். இல்ல, அந்தத் திரையில கையை வச்சுக்கிட்டு கூடவே வாங்க."

அவர் ஒரு நிமிஷம் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

போனார்கள். மாப்பிள்ளை ஏறியது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓடையில் இறங்கி, பாறைப் படியில் நாலு சக்கரமும் பற்றி, மூச்சு வாங்காமல் ஏறியது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. ஒரு வண்டியை முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறதே.

கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தது. அவள் சோப்புத் தண்ணீரில் கையை நனைத்து, இடது கையை உள்ளே விட்டு, கன்றை உள்நோக்கித் தள்ளித் தாடையைத் தேடினாள். பசு முக்கும்போதெல்லாம் அவள் கை இடுப்பெலும்புக்கும் கன்றுக்கும் நடுவில் நசுங்கியது. கால் மணி நேரம் கழித்து விரல் தாடையில் மாட்டியது. அதே நொடியில் தோளில் சூட்டுக்கோல் வைத்ததுபோல ஏதோ இழுத்தது. கை அவள் கையாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே எடுத்து, வலது கையை விட்டாள். இருபத்திரண்டு வருஷம் இடது கை படித்த பாடத்தை வலது கை தட்டுத்தடுமாறிப் படித்தது. எப்படியோ தலை திரும்பியது. கயிறு போட்டாள்.

"இங்க வாங்க. அவ முக்கும்போது மட்டும் இழுக்கணும். கீழ்நோக்கி. நான் சொன்னா நிறுத்தணும்."

விற்பனையாளர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். மூன்றாவது இழுப்பில் கன்று வழுக்கி அவர் மடியிலேயே வந்து விழுந்தது. அவள் கன்றின் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் மூச்சுத் துவாரத்தைக் குத்தினாள். கன்று தும்மியது. அவர் அப்படியே சாணித்தரையில் உட்கார்ந்தபடி, "உயிரோட இருக்கா மேடம்? உயிரோடதான் இருக்கா?" என்று நாலு தடவை கேட்டார்.

திரும்பும்போது அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இடது கையைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. மடியில் கிடத்தி வைத்துக்கொண்டாள். வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கியர் போட வேலையில்லை. இறக்கத்தில் வண்டி தானாகவே வேகத்தை அடக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக இறங்கியது. வலி ஒரு பக்கம் இருக்கட்டும். எருமையாக இருந்தால் இன்று இறங்கியிருக்க மாட்டோம் என்று தெரிந்துபோனதுதான் தாங்க முடியவில்லை.

ஆனாலும் அவள் லேசில் விடுகிறவளா? பத்து நாள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு எருமையை ஓட்டிப் பார்க்கப் போனாள். எல்லாம் அவள் நினைத்தபடியே இருந்தது. பீப் இல்லை, திரை இல்லை, புல்லுக்குப் பயம் இல்லை. மூடியைத் திறந்தால் எது எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிந்தது. மெக்கானிக் உள்ளே தலையை விட்டுப் பார்த்து, குழந்தையைப் பார்த்ததுபோலச் சிரித்தார். ஓட்டும்போது மட்டும் இரண்டாவது கியருக்கு அவள் வலது கையைக் குறுக்கே கொண்டுவந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"இந்த வண்டி இருபது வருஷம் வரும் டாக்டரம்மா. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. உங்க தோளு எத்தனை வருஷம் வரும்?"

"உங்களை வண்டியைப் பார்க்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"வண்டியைப் பார்த்துட்டேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவரைப் பட்டறையில் இறக்கிவிட்டு, எருமையை ஷோரூமில் விட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தாள். கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமே, வீட்டுக்காரர் கிடைத்தார்.

"இருபத்தி நாலு கேள்வி எழுதினீங்களே, அதுல ஒண்ணாவது ஓட்டப்போறவளைப் பத்தி இருந்துதா? எல்லாம் வண்டி தாங்குமா, வண்டி தாங்குமா!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினேழாவது கேள்வி."

"என்ன பதினேழாவது?"

"இடது கைக்கு எவ்வளவு வேலைன்னு. அதுக்குத்தான் பெருக்கு எண் அதிகம். ஒன்பது. அதனாலதான் அந்த ஆட்டோமேட்டிக் முன்னால நின்னுது. ரெண்டு வருஷமா நீ வலது கையாலதான் தலை வாரிக்கறே. மேல் அலமாரி டப்பாவையெல்லாம் நீயே கீழே இறக்கி வச்சுட்டே. எனக்குக் கண்ணு இல்லையா?"

ஆனால் நல்ல கோபம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அஞ்சு மாசம் சுவத்துல எழுதி வைக்கறதுக்கு!"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்கும் சேர்த்து அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மறுநாள் மதியம் அந்தத் தொப்பைக்கார விற்பனையாளர் போன் செய்தார். முதலில் கன்று எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், அதே வண்டியில அடிமட்டத்துல ஒரு மாடல் இருக்கு. சுரங்கத்துக்கும் கல் குவாரிக்கும்தான் போகும். ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கரம் இழுக்கும். ஆனா திரை கிடையாது, தானா பிரேக் போடற கண்ணு கிடையாது. தரைக்கு ரப்பர் விரிப்பு, தண்ணி ஊத்திக் கழுவலாம். ஷோரூம்ல வைக்க மாட்டாங்க. மூணு மாசம் காத்திருக்கணும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏங்க யாருமே சொல்லல? அஞ்சு மாசமா நான் நாய் படாத பாடு படுறேன்!"

"எங்களுக்கு அதை விக்கச் சொல்லித்தரல மேடம். நானே நேத்துதான் தேடிப் பார்த்தேன்."

"என்ன கலர்?"

அவர் தயங்கினார். "ஒரே கலர்தான். மண் அள்ளற மெஷின் இருக்கே, அந்த மஞ்சள்."

அந்த மஞ்சள் வண்டிதான் மூன்று மாதம் கழித்து வந்தது. வீட்டுக்காரர் பார்த்து, கணக்குப்படி இதுதான் சரி என்றார். கொழுந்தனார் பார்த்து, இந்தக் கலரை எவன் திருப்பி வாங்குவான் என்றார். மெக்கானிக் அடியில் படுத்து, அடிச்சட்டம் முழுக்க இரண்டு தடவை துரு மருந்து அடித்துக் கொடுத்தார்.

அதே வருஷம் அவள் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. நாலு மாதம் பக்கத்து ஊர் டாக்டர் அவள் மாடுகளைப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது வலது கைக்காரியாகியிருந்தாள். இப்போது சினை பார்க்க முன்பைவிட இரண்டு நிமிஷம் கூடுதலாகிறது. பொறுமையில்லாத மாடுகள் உதைக்கின்றன; பொறுமையில்லாத மனிதர்கள் ஆலோசனை சொல்கிறார்கள்.

வண்டி வந்து பதினெட்டாவது மாதம் பாலத்துக்கு இந்தப் பக்கம் தார் உருக்கும் இயந்திரங்கள் வந்து நின்றன. பதினோரு ஊரில் ஏழு ஊருக்குச் சாலை போட்டுவிட்டார்கள். ஊரே இனிப்புக் கொடுத்துக் கொண்டாடியது. புதுச் சாலையைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். "இருபத்தி ரெண்டு வருஷம் மனு கொடுத்தேன், போடல. நாலு சக்கரமும் இழுக்கற வண்டிக்குக் கையெழுத்துப் போட்டேன், போட்டுட்டாங்க!" என்று சாலைப் பொறியாளரிடம் நேரிலேயே கத்தினாள். அந்த மனிதர் நன்றி சொல்கிறாளா, திட்டுகிறாளா என்று புரியாமல் இரண்டு கையையும் கூப்பினார்.

இன்னும் நாலு ஊருக்குத் தார் இல்லை. அந்த ஊர்களுக்கு வாரம் இரண்டு நாள் ஏறுகிறாள். போன வாரம் உச்சி ஊர்க்காரி, பால் கறந்துகொண்டே, "புது வண்டி எப்படி டாக்டரம்மா? குறை ஏதும் இல்லையே?" என்று கேட்டாள்.

"குறையா? உக்காந்து சொன்னா பொழுது போயிடும் அக்கா. முதல்ல மாட்டைப் பிடிங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் வலது கையில் சோப்புப் போட ஆரம்பித்தாள்.